பழைய செருப்பு என்று எழுதிய பெட்டி

காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் அவள் வயிற்றில் இருப்பது மூன்று முறைதான் உதைத்திருந்தது. பத்து முறை உதைத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள், இரண்டு மணி நேரத்தில் பத்து வந்தால் நல்லது, வராவிட்டால் யோசிக்காமல் கிளம்பி வாருங்கள். அவள் நோட்டில் கோடு போட்டு எண்ணுவாள். ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் சரிபார்க்கிற வேலை. நாலு கோட்டை நிமிர்த்திப் போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது அங்கே பழகியது. இன்றைய தேதிக்குக் கீழே மூன்று கோடுகள் நின்றுகொண்டிருந்தன, பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிற மாதிரி.

கட்டிலோரம் முழங்காலிட்டு அவள் வயிற்றில் காதை வைத்திருந்தான் புருஷன். வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் சாமான் கட்டுகிறவன். அங்கே அவனுக்கு டேப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. டேப்பு கட்டினால் லாரி கவிழ்ந்தாலும் உள்ளே கண்ணாடித் தம்ளர் கவிழாது என்று முதலாளியே வாடிக்கையாளர்களிடம் சொல்வார். லாரியை யாரும் கவிழ்த்துப் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

"ஏதோ சத்தம் கேக்குதே," என்றான்.

"அது உங்க வயித்துல. காலையில ஒன்னும் சாப்பிடல இல்ல, அது கத்துது. தள்ளுங்க."

அவள் இன்னொரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடித்தாள். இனிப்புக் குடித்தால் அசையும் என்று சொல்லியிருந்தார்கள். இருவரும் வயிற்றைப் பார்த்தார்கள். அது தன் பாட்டுக்கு இருந்தது.

திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர வேண்டும் என்று நாள் குறித்திருந்தது. இன்று வியாழன். அவளுடைய பை ஒரு வாரமாகக் கதவருகே தயாராக நின்றது. டேப்பு அதை மூன்று முறை அடுக்கினான், அவள் மூன்று முறை கலைத்து அடுக்கினாள். இரண்டு நைட்டி, துண்டு, ஸ்கேன் காகிதங்கள், தண்ணீர் பாட்டில், பல் விளக்க பிரஷ். பாட்டிலைச் சுற்றிக் காற்றுக் குமிழ்த் தாளை அவன் உருட்டியபோது, "அப்படியே என்னையும் சுத்திடுங்க. லோடோட லோடா இறக்கி வச்சிடலாம்," என்றாள். அவன் சிரித்தான். உள்ளபடி அந்த யோசனை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளைத் தாளில் சுற்றி, நாலு பக்கமும் அம்புக்குறி போட்டு, இந்தப் பக்கம் மேலே என்று எழுதி, பத்து மாதமும் குலுங்காமல் வைத்திருக்க முடிந்திருந்தால் அவன் அதைச் செய்திருப்பான்.

மருத்துவமனை கொடுத்த பட்டியலின் பின்பக்கம் குழந்தைக்கானது. மெல்லிய துணிகள், தொப்பி, காலுறை. அந்தப் பக்கத்தைத் திருப்பக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். "அழுகை கேக்கட்டும். அப்புறம் கடைக்கு ஓடுங்க. அதுவரைக்கும் அதுக்குன்னு ஒரு நூல்கூட இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது." அவன் தலையாட்டினான். ஒன்பது மாதக் கர்ப்பிணியிடம் வாதாடுவதைவிடப் பியானோவைத் தனியாக மாடியேற்றுவது சுலபம்.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் இரண்டு வருஷத்துக்கு முந்தியது. அப்போது பட்டியலின் இரண்டு பக்கமும் எட்டாம் மாதமே முடிந்துவிட்டது. குழந்தையுடையதை டேப்பு ஓர் அட்டைப் பெட்டியில் தன் கையாலேயே கட்டினான். நடுவில் ஒரு வரி டேப், இரண்டு ஓரமும் ஒவ்வொரு வரி, அதன்மேல் குறுக்காக இன்னொரு சுற்று. தொழிலில் இருந்த நம்பிக்கை. பிரசவ அறைக் கதவு ஒரு சாண் திறந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. "துணி குடுங்க," என்றது குரல். அவன் பெட்டி பிரிக்கிற பிளேடை வாசலில் காவலாளி வாங்கி வைத்திருந்தார். நகத்தால் சுரண்டினான். டேப்பின் நுனி எங்கே என்று தெரியவில்லை. நுனி தெரியாமல் ஒட்டுவதுதான் அவன் கைத்திறன். பல்லால் கடித்தான். கை காற்றில் காத்திருந்தது. கடைசியில், "பரவால்ல, விடுங்க. இங்கயே துணி இருக்கு," என்று உள்ளே போய்விட்டது.

அப்போது அவனுக்கு ஒன்றும் தெரியாது. குழந்தை அழவே இல்லை என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் சொல்லப்பட்டது. யார் தவறும் கிடையாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அதை அவன் ஏற்றுக்கொண்டான். ஆனால் அவன் மகள் மருத்துவமனையின் பச்சைத் துணியில் சுற்றப்பட்டுப் போனாள். அது யார் தவறு என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அதிலிருந்து டேப்பு ஒரு பழக்கம் பிடித்தான். எந்தப் பெட்டியை ஒட்டினாலும் டேப்பின் நுனியை அரை அங்குலம் உள்பக்கமாக மடித்து வால் விடுவான். பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். வாடிக்கையாளர்கள் மெச்சினார்கள். முதலாளி அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார். சொல்லட்டும்.

அந்தப் பழைய பெட்டி மட்டும் வாலில்லாமல் அப்படியே இருந்தது. "யாருக்காவது குடுத்துடுங்க. என் கண்ணுல படக் கூடாது," என்று அவள் சொல்லியிருந்தாள். குடுத்துவிட்டேன் என்று சொன்னான். கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் அவன் சொன்ன பொய்களில் பிடிபடாதது அது ஒன்றுதான். பக்கவாட்டில் 'பழைய செருப்பு' என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பரணில் ஏற்றினான். செருப்பு என்றால் யாரும் திறக்க மாட்டார்கள் என்பது அவன் கணக்கு.

பத்து மணி ஐந்து நிமிடம். நாலாவது கோடு வரவில்லை.

"போலாம்," என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. அதுதான் அவனைக் கலக்கியது.

வாசலில் லோடு வண்டி நின்றிருந்தது. அன்றைய வேலைக்கு அவனை ஏற்றிக்கொள்ள வந்த ஓட்டுநர், மொட்டை அண்ணன், ஹாரன் மேல் கையை வைத்திருந்தார். வண்டியின் பின்னால் யாருடையதோ பீரோ, ஆளுயரக் கண்ணாடியோடு. டேப்பு அவளை முன் இருக்கையில் ஏற்றினான். திரும்பி உள்ளே ஓடினான், பையை எடுத்தான், கதவைப் பூட்டப் போனான், பூட்டாமல் மறுபடி உள்ளே ஓடினான். ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். கை நீண்டால் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கடைக்கு ஓடுகிற நேரம் யாருக்கு இருக்கும்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். பக்கவாட்டு எழுத்து அவள் பக்கம்தான் இருந்தது.

"அதுல என்ன?"

"செருப்பு."

மொட்டை அண்ணன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே திரும்பினார். "ஏம்ப்பா டேப்பு, பிரசவத்துக்குப் போறோம். பழைய செருப்பு எதுக்கு? டாக்டரை அடிக்கவா?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சரி. பத்திரமா மடியில வச்சுக்குங்க," என்றாள்.

கோபம் என்று நினைத்தான். இப்போது விளக்க ஆரம்பித்தால் இரண்டு வருஷத்துப் பொய்யை அவிழ்க்க வேண்டும், அதற்கு இது நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூட இப்படித்தான் ஒரு மாதிரியாக இருந்தாள். அன்று லோடு முடிந்து அவன் வந்தபோது மொட்டைமாடிக் கயிற்றில் பதினாலு கிளிப்புகள் வரிசையாக, எதையும் பிடிக்காமல் இருந்தன. என்ன துவைத்தாய் என்று கேட்டதற்குக் கைக்குட்டை என்றாள். வீட்டில் இருந்த கைக்குட்டை மூன்று.

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. பின்னால் பீரோ முனகியது. "கண்ணாடி போனா போவட்டும்மா," என்றார் மொட்டை அண்ணன். "நீ வயித்தைப் புடிச்சுக்கோ." டேப்பு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கண்ணாடியைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மருத்துவமனை வாசலில் காவலாளி அவனைத் தடவிப் பார்த்து, சட்டைப்பையிலிருந்த பிளேடை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு வருஷத்தில் மருத்துவமனையில் வர்ணம் மாறியிருந்தது, நாற்காலி மாறியிருந்தது, இவர் மட்டும் மாறவில்லை.

உள்ளே ஒரு சிஸ்டர் அவள் வயிற்றில் பட்டையைக் கட்டி, உருண்டையாக ஒன்றை அழுத்தி, குழந்தையின் துடிப்பைத் தேடி அங்கேயும் இங்கேயும் நகர்த்தினார். கரகரவென்று இரைச்சல். வெறும் இரைச்சல். டேப்பு சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தான், கை கழுவும் முறை, படி ஒன்று, படி இரண்டு. ஆறாவது படியில் சத்தம் வந்தது. டகடகடகடக. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மெஷின் ஓடுற மாதிரியே இருக்கு சிஸ்டர்," என்றாள். அவள் கம்பெனியில் நூற்றிருபது தையல் மெஷின்.

"ஓடட்டும் ஓடட்டும்," என்றார் சிஸ்டர்.

கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு மிதியிலிருந்து யாரோ காலை எடுத்தது போலச் சத்தம் இளைத்தது. டக, டக. இடைவெளி. டக. சிஸ்டர் அந்த உருண்டையை இன்னும் அழுத்திப் பிடித்தார்.

"நிக்குது," என்றாள் அவள். "ஏங்க, நிக்குதுங்க."

"பேசாதம்மா. அந்தப் பக்கம் திரும்பு. மூச்சை நல்லா இழு. இன்னும் இழு."

சத்தம் மறுபடி பிடித்தது, ஆனால் தடுக்கித் தடுக்கி. அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. ஒரு டாக்டர் வந்தார், திரையைப் பார்த்தார், அறுவை செய்து எடுத்துவிடலாம், இப்போதே என்றார். யாரோ காகிதத்தை நீட்டினார்கள். டேப்பு கையெழுத்துப் போட்டான். எங்கே போட்டான் என்று தெரியவில்லை, சிஸ்டர் இன்னொரு காகிதம் கொண்டுவந்தார். சக்கரக் கட்டில் நகர்ந்தது. அவன் பெட்டியை அணைத்துக்கொண்டு கூடவே நடந்தான், ஓடினான்.

அவள் அவன் சட்டை நுனியைப் பிடித்தாள். "செருப்புப் பொட்டி எங்க?"

"இருக்கு. கையில இருக்கு."

"கீழ வைக்காதீங்க."

"சரி."

"எங்கயும் போகாதீங்க. பாத்ரூம் வந்தாலும்."

"சரிம்மா."

கதவு சாத்திக்கொண்டது.

எதிரே ஒரு பெஞ்சு. அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கும் நேரம் வீணாகும். பெட்டியை முழங்கையில் இடுக்கி நின்றான். இப்போதே பிரித்து வைத்துவிடலாம், புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். அவனால் முடியவில்லை. திறந்து வைத்தால், கேட்பார்கள் என்று நம்பியதாகிவிடும். நம்பி, கேட்காமல் போனால், இதே துணிகளைத் திரும்ப உள்ளே வைத்து இதே கையால் ஒட்ட வேண்டும். அதற்கு இந்தக் கை வராது. வால் விடாத டேப்பை நகத்தால் சுரண்ட வேண்டுமே என்கிற பயமும் இன்னொரு பக்கம். எத்தனை வீட்டுச் சாமானைக் கட்டியிருக்கிறான். கட்டுவது, பிரிப்பது, இந்த இரண்டைத் தவிர வேறு ஒரு தொழிலும் தெரியாதவனுக்கு இந்த ஒரு பெட்டியில் இரண்டுமே வரவில்லை.

எந்தக் கடவுளிடமும் கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. போன தடவை கேட்டதற்கு என்ன ஆயிற்று என்று இருவருக்குமே நினைவிருக்கும். கதவிடம் கேட்டான். தாழ்வாரத்தில் தள்ளுவண்டி கிறீச்சிட்டது, எங்கோ தட்டு விழுந்தது, யாரோ போனில் கத்தினார்கள். ஒவ்வொரு சத்தத்தையும் அது அழுகையாக இருக்குமோ என்று பார்த்தான். தள்ளுவண்டி இரண்டு முறை அவனை ஏமாற்றியது.

கதவு ஒரு சாண் திறந்தது. கையுறை போட்ட ஒரு கை வெளியே நீண்டது.

"துணி குடுங்க."

அதே சொல். அதே அளவு இடைவெளி. அந்தக் கையிலிருந்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தான். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. கையை வைத்து என்ன தெரியும்.

"சிஸ்டர்," என்றான்.

"சீக்கிரம்ப்பா."

பெட்டியைத் தொடையில் அண்டக்கொடுத்து நகத்தை டேப்பில் வைத்தான். நகத்துக்கு வேலை இருக்கவில்லை. விரலில் ஏதோ தடுக்கியது. குனிந்து பார்த்தான். அவன் ஒட்டிய பழுப்பு டேப் ஒவ்வொரு வரியிலும் சீராக அறுக்கப்பட்டிருந்தது, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியால் அறுத்த மாதிரி. அதன்மேல் புதிதாக ஒரே ஒரு வரி டேப். கொஞ்சம் கோணல். அவன் கை கோணலாக ஒட்டாது. நுனியில் அரை அங்குலம் உள்பக்கமாக மடித்து வால் விட்டிருந்தது.

இழுத்தான். ஒரே இழுப்பில் வந்தது.

சோப்பு வாசனை அடித்தது. இந்த ஞாயிற்றுக்கிழமை வாசனை. இரண்டு வருஷப் பரண் தூசி எங்கேயும் இல்லை. துணிகள் அவன் மடிக்கிற மாதிரி இல்லாமல், அவள் கம்பெனியில் மடிக்கிற மாதிரி, ஓரம் ஓரத்தோடு சேர்ந்து அடுக்கியிருந்தன. மேலே இருந்த மெல்லிய துணியை எடுத்து நீட்டினான்.

கை துணியை வாங்கிக்கொண்டது. உள்ளே போனது. கதவு மூடவில்லை, அந்தச் சாண் இடைவெளி அப்படியே இருந்தது. உள்ளே இரும்புப் பாத்திரங்களின் சத்தம், காலடிகள், யாரோ யாரிடமோ வேகமாகச் சொன்ன ஏதோ ஒன்று. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுத்தான்.

அதே கை மறுபடி வெளியே வந்தது. வெறுங்கை. "இன்னும் என்ன இருக்கு, எடுங்க. புள்ளைக்குக் குளிருது," என்றது குரல்.

டேப் அவன் விரல்களில் சுற்றிக்கொண்டு விடவில்லை. அதோடு சேர்த்தே பெட்டிக்குள் துழாவினான். ஒரு காலுறை வந்தது, அதன் ஜோடி வரவில்லை. அடியில் தொப்பி கிடந்தது. அவன் முஷ்டியை விடச் சின்னது. அதில் டேப் நுனி ஒட்டிக்கொண்டது. வாலைப் பிடித்துப் பிய்த்தெறிந்துவிட்டு, தொப்பியை அந்த உள்ளங்கையில் வைத்தான். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கித் தொப்பியை மூடிக்கொண்டன.