வலது பக்கத்துச் சூடு

ஏப்ரல் பனிப்புயலில் என் மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டியபடி நடந்தன. வேலியை மூடிய பனிமேட்டின் மேல் ஏறிப் போய், பக்கத்து நிலத்துக்காரர் டாரெல் ஸ்வென்சனின் பள்ளத்தில் விழுந்து பல செத்தன.

என் மாடுகள் என்பது தவறு. என் மனைவி மாரிட்டின் மாடுகள். கல்யாணத்தின்போது அவள் ஓட்டிக்கொண்டு வந்தவை. நவம்பரில் அவள் இறந்தாள். மாடுகளுக்குத் தீவனம் போடுவது மட்டும் எனக்கு மிஞ்சியது. இப்போது தீவனமும் தீர்ந்துவிட்டது. செத்த மாடுகளுக்கு அரசு நிவாரணம் வராவிட்டால் பிழைத்த மாடுகளை வெள்ளிக்கிழமை ஏலக் கொட்டகைக்கு அனுப்பியாக வேண்டும்.

விவசாய அலுவலகத்தில் எனக்கு முன்பே டாரெல் உட்கார்ந்திருந்தார். இழவு வீட்டுக்கு வந்தவர் போலத் தொப்பியை மடியில் வைத்திருந்தார். போன கோடையில் வறட்சி நிவாரணம் வாங்கி, அதில் படகு வாங்கியவர்.

"உங்க மாடு செத்ததுக்கு அத்தாட்சி?" என்றார் அதிகாரி வெர்லா.

"இவரு பள்ளத்துல கிடக்கு, மேடம்."

"அதெல்லாம் தன்னோடதுன்னு இவரு போட்டோ குடுத்திருக்காரே."

"என் நிலத்துல செத்தது யாரோடது, தம்பி?" என்றார் டாரெல். "உன் மாடு எந்தப் பக்கம் போச்சோ, நல்லா தேடிப் பாரு."

போட்டோக்களைப் பார்த்தேன். குளிர்கால மயிர் அடர்ந்து கிடந்ததால் சூட்டுக்குறி எதுவும் தெரியவில்லை. எல்லா மாடுகளும் இடது பக்கத்தைத் தரையில் வைத்து வரிசையாகப் படுத்திருந்தன.

"ஒண்ணு விடாம ஒரே பக்கமா படுத்திருக்கே, அண்ணே?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சுதுல்ல."

காற்றுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் மாட்டின் இடது தொடையில்தான் சூடு போடுவார்கள். டாரெலின் கைகள் பழக்கப்படி, சூடு இருக்கும் என்று நினைத்த இடது பக்கத்தைத் தரையில் மறைத்திருந்தன. மாரிட் இடக்கைக்காரி. வலது விலாவில்தான் போடுவாள். அதற்காக அவளை அதிகம் கிண்டல் செய்தவரே டாரெல்தான்.

"மயிரைக் கத்தரிச்சுப் பாத்துடலாம், மேடம்," என்றேன்.

டாரெல் சிரித்தார். "தாராளமா பாருங்க. இடது பக்கம் புரட்டணும்னா ஆள் வேணும், அவ்வளவுதான்."

"புரட்ட வேண்டாம், அண்ணே."

பள்ளத்தில் வெர்லாவே குனிந்து முதல் மாட்டின் வலது விலாவைக் கத்தரித்தார். மாரிட்டின் சூட்டுக்குறியான கவிழ்ந்த கோப்பை தெளிவாகத் தெரிந்தது.

"அடக் கடவுளே, அந்தப் பொண்ணு இடக்கைக்காரியாச்சே!" என்று டாரெல் நெற்றியில் அடித்துக்கொண்டார். "குழம்பிட்டேன், மேடம். சத்தியமா."

"பொய் மனு குடுத்தா ஜெயில், தெரியுமில்ல?" என்ற வெர்லா கைபேசியில் சூட்டுப் பதிவேட்டைத் திறந்து அந்தக் குறியைத் தேடினார். பிறகு என்னிடம் திரும்பினார். "இது மாரிட் பேர்ல இருக்கு. அவங்க வந்து கையெழுத்துப் போடணும்."

"நவம்பர்ல செத்துட்டா."

"மாடு செத்தது ஏப்ரல்ல. செத்தவங்களுக்கு எப்படிங்க நஷ்டம் வரும்? மாட்டுக்கு அப்புறம் போயிருந்தாங்கன்னா ஏதாவது செஞ்சிருக்கலாம்."

"அவகிட்ட சொல்றேன்."

வெர்லா தலையாட்டினார்.

"சரி, மேடம். மிச்சத்தை வெள்ளிக்கிழமை வித்துடுறேன்."

"அதெப்படி விப்பீங்க? சூடு அவங்க பேர்ல இருக்கே. கோர்ட்டு உங்க பேருக்கு மாத்துற வரைக்கும் ஒத்த மாட்டைக்கூட ஏலத்துல ஏத்த விடமாட்டாங்க. எப்படியும் வருஷமாகும்."

ஆக, மாடுகளைக் காப்பாற்ற அரசாங்கம் பணம் தராது. விற்கவும் விடாது. மாரிட் உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"தீவனம் வச்சிருக்கியா, தம்பி?" என்றார் டாரெல். கண் என்னவோ புகார் எழுத வெர்லா எடுத்திருந்த பேனா மேலேயே இருந்தது. "இல்லேன்னா சொல்லு. நாம என்ன அன்னியமா?"

மறுநாள் காலை வந்தார். படகை இறக்கிவிட்டு, படகு வண்டியில் புல் உருளைகளை ஏற்றியிருந்தார். மாரிட்டின் மாடுகள் வேலியோரம் வந்து நின்றன.

"பச்சைப் புல்லு முளைக்கிற வரைக்கும் தர்றேன்," என்றார்.

"மறுபடி வறட்சி வந்துட்டா?"

டாரெலின் முகம் மலர்ந்தது. "உன் வாய்க்கு சர்க்கரை போடணும், தம்பி. வந்தா அந்த நிவாரணத்துல இதைவிடப் பெரிய வண்டி வாங்கிடுவேன்."