கசக்குதுமா

1

இந்தக் கதை எனக்குத் திருத்தணி பேருந்து நிலையத்தில் கிடைத்தது. அரக்கோணம் பஸ் வருவதாக இல்லை. டீக்கடையில் கிடந்த பேப்பரை எடுத்துப் புரட்டினேன். கே.ஜி.கண்டிகை அருகே, தீராத வயிற்று வலியால் அவதிப்பட்ட வாலிபர் பூச்சிமருந்து குடித்து இறந்தார் என்று ஒரு மூலையில் போட்டிருந்தது.

நம் பக்கத்துப் பேப்பர்களில் மருந்து குடித்தவர் எல்லோருக்கும் வயிற்று வலிதான். காதல் தோற்றாலும் வயிற்று வலி, கடன் நெருக்கினாலும் வயிற்று வலி. எத்தனையோ முறை படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். இந்த முறை கடைசி வரி தடுத்துவிட்டது. அவர் பெங்களூருவில் ஒரு மதுக்கூடத்தில் பீர் ருசி பார்க்கும் வேலை செய்துவந்தாராம்.

ருசி பார்க்கிறவனுக்கு மருந்தின் ருசி தெரியாமலா போயிருக்கும்? இந்தக் கேள்வி மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. மற்றதெல்லாம் நான் கட்டுவது. அவனுக்கு டில்லிபாபு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: மலைப்படிகளில் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது டில்லிபாபு

வேண்டாம். திருத்தணிக் கதை என்றால் படியில்தான் தொடங்க வேண்டுமா? அவன் சாமி கும்பிட வரவில்லை.

இரண்டாவது முயற்சி: பெல்ஜியம் நாட்டு ஏல் என்ற பீர் நம் கடைகளில் கிடைக்கும் பீரைப் போன்றதல்ல, போதையும் அதிகம், ஹாப்ஸ் என்ற பூவை வாரிப் போடுவதால் கசப்பும்

இதுவும் வேண்டாம், பாடம் நடத்துகிறது. ஆனால் விஷயம் தேவைப்படுவதால் பாதியில் விட்டுவைக்கிறேன். நம் ஊரில் பீர் வாங்குகிறவனிடம் கேட்கிற ஒரே கேள்வி, கூலிங்கா சாதாவா என்பதுதான். டில்லிபாபுவுக்குக் கூலிங் ஆகாது. ரொம்பக் குளிர்ந்தால் வாசனை செத்துவிடும் என்பான்.

3

போன மார்கழியில் அவன் ஊருக்கு வந்தபோது, பீப்பாயிலிருந்து தானே பிடித்த ஏலை இரண்டு பாட்டிலில் கொண்டுவந்தான். கம்பி போட்டு இறுக்குகிற பீங்கான் மூடி வைத்த, கறுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள். அதே வீட்டில் இருக்கும் அவனுடைய அக்கா வீட்டுக்காரர் குமரேசன் மொட்டை மாடிக்கு வந்து, ஊற்றிக் கொடுத்ததை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாடா இது, வேப்பங்கொட்ட கசாயம் மாரி கீது! இதுக்காடா அவ்ளோ துட்டு?"

"கசாயம் குடிக்கிற மாரி குடிச்சா அப்படித்தான் இருக்கும் பாவா. மொதல்ல மோந்து பாரு. நாரத்தங்கா தோலு வருதா? அப்புறம் கிராம்பு. கசப்பு கடேசிலதான் வரும். வந்து நிக்கும்."

குமரேசன் மோந்து பார்த்தார். "ஆமாண்டா! நாரத்தங்கா!"

கீழே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மா மணியம்மைக்கு, மகன் செய்கிற வேலை பிடிக்காது. ஆனால் மூக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் விடமாட்டாள். "அவன் மூக்கு யாருக்கு வரும்? பாலு திரியறதுக்கு முன்னாடியே சொல்லிடுவான் என் புள்ள!"

இரண்டாவது பாட்டிலை அடுத்த தடவைக்கென்று பரணில் வைத்துவிட்டுப் போனான். (இந்தப் பாட்டிலை மறக்க வேண்டாம்.)

4

தை மாதம் பெங்களூருவில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, கூடவே மூக்கும் நாக்கும் போயின. உப்பும் இனிப்பும் மெல்லத் திரும்பிவிட்டன. வாசனை வரவில்லை, கசப்பு வரவேயில்லை. பாகற்காயைப் பச்சையாகக் கடித்தான், வெள்ளரி மாதிரி இருந்தது. அறையில் தனியாக உட்கார்ந்து அழுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியிடம் சொன்னால் வேலை போகும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஊர் முழுக்க மூக்கைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறாள். வாடிக்கையாளர்கள் முன்னால் கோப்பையைச் சுழற்றி, மோந்து, கண்ணை மூடி, நாரத்தைத் தோல், கிராம்பு, கடைசியில் வேப்பங்கொழுந்து என்று ஞாபகத்திலிருந்து ஒப்பித்தான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

(இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நானும் இந்த ஏலைக் குடித்தவன் இல்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை மோந்து பார்த்தவன் மாதிரி எழுதுகிறேன். நீங்களும் இதுவரை தலையாட்டிக்கொண்டுதான் வருகிறீர்கள்.)

வைகாசியில் ஒரு நாள், அடுத்த வாரம் பெல்ஜியத்திலிருந்து அந்த ஏலைக் காய்ச்சுகிறவரே வருகிறார், எதிரில் உட்கார்ந்து ருசி கேட்பார் என்று முதலாளி சொன்னார். டில்லிபாபு லீவு போட்டான். பரணில் இருப்பது, மூக்கு இருந்தபோது தானே மோந்து பிடித்த ஏல். அது மூக்கோடு பேசாவிட்டால் இனி எதுவும் பேசாது. குமரேசனுக்குப் போன் போட்டான்.

"பாவா, பரண் மேல ஒரு பாட்டில் வெச்சேனே, கீதா?"

"ஆங்... கீது கீது. அங்கியேதான் கீது."

5

பாட்டில் இருந்தது, அது உண்மை. உள்ளே இருந்த ஏலைக் குமரேசன் பங்குனியிலேயே திருட்டுத்தனமாகக் குடித்து, கழுவி, மூடியை மாட்டிப் பரணில் திரும்ப வைத்திருந்தார். பிறகு கத்தரித் தோட்டத்துக்கு அடித்து மிஞ்சிய மருந்தை ஊற்றி வைக்க மணியம்மைக்கு ஒரு பாட்டில் தேவைப்பட்டது, பரணில் காலியாக இருந்த இதை இறக்கினாள். கடையில் கொடுத்த டப்பாவின் மூடி உடைந்துபோயிருந்தது. இந்த மூடியோ பொட்டு நாற்றம் வெளியே விடாது. பேரப்பிள்ளைகளுக்கு எட்டக் கூடாதே என்று மறுபடி பரணிலேயே ஏற்றினாள்.

"அவன் வந்து எடுத்து குடிச்சிடப் போறான் அத்த," என்றார் குமரேசன்.

"தொறந்தாலே கொடலப் பொரட்டும் மாப்ள. என் புள்ள மூக்குக்குத் தெரியாதா?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். போனில் அன்று இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏல் எங்கே போச்சு என்று மச்சான் கேட்பான். அந்தச் சின்ன வெட்கம் வாயைக் கட்டிவிட்டது.

மூன்று தடவை இந்த இடத்தைத் திருத்தி எழுதினேன். ஒரு தடவை பாட்டில் கழுத்தில் சிவப்புத் துணி கட்டினேன். இன்னொரு தடவை மணியம்மையைவிட்டு மகனிடம், நைனா அதத் தொடாத, என்று சொல்ல வைத்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன். சொல்லத் தோன்றாத அளவுக்கு அவள் அந்த மூக்கை நம்பினாள்.

6

வந்த அன்றே மத்தியானம். மணியம்மை கத்தரிக்காய் பறிக்கப் போயிருந்தாள். குமரேசன் ஆர்.கே.பேட்டையில் தறி வேலையில் இருந்தார். டில்லிபாபு பாட்டிலை இறக்கினான், துடைத்தான், பையிலிருந்து தண்டு வைத்த கோப்பையை எடுத்தான்.

கம்பியை விடுவித்தபோது சத்தம் வரவில்லை. ஊற்றினால் நுரையும் இல்லை. கோடை வெக்கையில் கேஸ் இறங்கிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மோந்தான். ஒன்றும் இல்லை. மறுபடி மோந்தான். ஒன்றுமே இல்லை.

நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்தான்.

கசந்தது!

எத்தனை மாதம் கழித்து! முதலில் பயந்தான், பொய்யோ என்று. இன்னொரு சொட்டு. கசப்பேதான், எரிச்சலோடு. போதை அதிகமுள்ள ஏல், தொண்டையை எரிக்கத்தான் செய்யும். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

(ஒயின் ருசி பார்ப்பவர்கள் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள். பீர்க்காரர்கள் விழுங்குவார்கள். கசப்பை முழுசாக அறிய அது தொண்டைக்குள் இறங்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். ரொம்ப நாள் தொடவில்லை.)

அவன் வாய் நிறைய எடுத்து விழுங்கினான், தொழில் கற்றுக்கொடுத்தபடி.

கூடையோடு மணியம்மை வாசலில் நுழைந்தாள். மகன் கோப்பையைத் தூக்கிக் காட்டி, சின்னப் பிள்ளையைப் போலச் சிரித்தான்.

"மா! கசக்குதுமா!"

நாற்றம் அவளுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

7

முடிவு, முதல் வடிவம்: ஆட்டோ வேகமாகப் போனது, டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டான் என்றார், மணியம்மை மலையை நோக்கிக் கை

என்னால் எழுத முடியவில்லை. பேப்பரில் அவன் இறந்துவிட்டான்.

இரண்டாவது வடிவம்: ஆஸ்பத்திரி வராந்தா. கான்ஸ்டபிள் கேட்கிறார், "மருந்த அந்த பாட்டில்ல ஊத்தி வெச்சது யாரும்மா?"

மணியம்மை பதில் சொல்வதற்குள் குமரேசன் முந்திக்கொள்கிறார். "அவனுக்கு ரொம்ப நாளா வயித்து வலி சார். தாங்காம பண்ணிகினான்."

பேப்பரில் வந்த வயிற்று வலி இங்கேதான் பிறந்திருக்க வேண்டும். மாமியாரைக் காப்பாற்றத்தான் சொன்னார். தான் குடித்த ஏலும் அதற்குள் மறைந்துகொண்டது. கான்ஸ்டபிள் எழுதிக்கொள்கிறார். மணியம்மை தலை நிமிர்கிறாள்.

அவள் பேசாமல் இருந்தால் கேஸ் இல்லை, ஊர் அவளைப் பார்த்து அழும். ஆனால் மகன் சாக ஆசைப்பட்டவனாகிவிடுவான். பேசினால், கசப்பு திரும்பிய சந்தோஷத்தில் கோப்பையைத் தூக்கிக் காட்டியவனாகவே இருப்பான். ஆனால் அவனைக் கொன்ற கை அவளுடையது என்று அவள் வாயாலேயே சொல்லியாக வேண்டும்.

"நீ சொல்லும்மா. வயித்து வலிதானா?"

நான் இதற்குமேல் எழுதப் போவதில்லை. அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். எதுவாக இருந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.