பாலோடிய கல்

என் வலக்கண்ணுக்கு நான் வைத்த விலை, அக்காவின் ஒற்றை வைரக்கல். சரியாகச் சொன்னால், அதில் பாதி.

எங்கள் வைரக் கடைத்தெருவில் ‘பாலோடிய’ என்ற சொல்லை யாரும் சும்மா வாயில் எடுப்பதில்லை. வீட்டில் அது அழகான வார்த்தை. குழந்தையின் முதல் பல்லையோ, கண்ணாடியில் படிந்த மூச்சையோ பார்த்துச் சொல்லலாம். வெள்ளைக் காகிதத்தில் வைத்த கல்லைப் பார்த்துச் சொன்னால், உள்ளே மேகம் படிந்திருக்கிறது என்று பொருள். விலை அங்கேயே பாதியாக விழும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவாக உட்கார்ந்து அதைச் சொல்வதுதான் என் பிழைப்பு. சொன்னது சொன்னதுதான். வாக்கைத் திரும்ப வாங்குகிறவன் அந்த நாற்காலியில் மறுபடி உட்கார முடியாது.

காலையில் அக்கா மோதிரக் கல்லோடு வந்தாள். தையல் கடைக்கு இடம் பார்த்திருந்தாள். முழு விலை வந்தால்தான் சாவி கைக்கு வரும். வாங்க வந்தவர் ‘பாதிவிலை’. எதைக் காட்டினாலும் பாதிக்குக் கேட்பார் என்பதால் தெரு வைத்த பெயர். அக்கா என்பதற்காகவே கொஞ்சம் கூடுதல் கறாராக லென்ஸை வலக்கண்ணில் வைத்தேன். உள்ளே வெள்ளையாய் ஒரு கலங்கல்.

“பாலோடிய கல்.”

“டேய், நல்லாப் பார்த்துச் சொல்லுடா!”

“தம்பி பார்த்தா தப்பாகுமாம்மா?” பாதிவிலை முந்திக்கொண்டார். “நாலு மணிக்கு வாங்க, எண்ணித் தர்றேன்.”

மதியம் சாப்பிட உட்கார்ந்தேன்.

“தண்ணி ஏன் இப்படிக் கலங்கியிருக்கு? டம்ளரைக் கழுவலையா?”

“கழுவித்தான் வச்சேன்,” என்றாள் மனைவி.

நானே எழுந்து தேய்த்தேன். வேறொரு டம்ளர், அதற்கடுத்தது.

“தேஞ்சு ஓட்டையாகப் போகுது, விடுங்க. ரெண்டு மாசமா என் புதுப் புடவையக்கூட வெளுத்துப்போச்சுங்கறீங்க.”

இடக்கண்ணை மூடினேன்: டம்ளருக்குள் மூட்டம். வலக்கண்ணை மூடினேன்: பளிச்சென்று தண்ணீர்.

சோற்றை விட்டு எழுந்தேன். தெருவில் போர்டுக்குப் போர்டு நின்று ஒரு கண் மாற்றி ஒரு கண்ணாக மூடிப் பார்த்தேன். எதிரே வந்த மருந்துக்கடைக்காரி, நான் கண்ணடிப்பதாக நினைத்து முறைத்துவிட்டுப் போனாள். பேசாமலிருந்தால் நாற்காலி எனக்கு, நஷ்டம் அக்காவுக்கு. நான் உட்காரும் கடையின் வாசல் வரை போய்த் திரும்பினேன். மறுபடி போனேன்.

உள்ளே பாதிவிலை எச்சில் தொட்டு நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“நிறுத்துங்கண்ணே. கல்லைக் கொடுங்க.”

இடக்கண்ணில் லென்ஸை வைத்தேன். அப்பழுக்கில்லை.

“கல்லு சுத்தம். ரெண்டு மாசமா என் வலது கண்ணுலதான் வெள்ளை படர்ந்திருக்கு.”

கல்லை வெள்ளைக் காகிதத்தில் திரும்ப வைத்தேன்.

“அப்போ ரெண்டு மாசமா நீ எனக்குச் சொன்னதெல்லாம்?” என்றார் பாதிவிலை.

“எல்லாம் நீங்க பாதிக்கு வாங்கினதுதானே அண்ணே. ஏன் கோவிச்சுக்கறீங்க?”

அவர் கை மறுபடி எண்ணத் தொடங்கியது, இந்த முறை முழு விலைக்கு. அக்கா என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியைப் பார்த்தேன். பிறகு மேசையிலிருந்த என் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

படிக்கட்டில் நின்று, இடக்கண்ணால் புரட்டினேன். இரண்டு மாதத்தில் ‘பாலோடிய’ என்று எழுதிய கற்கள் பதினேழு. ஒன்றை அடித்துத் திருத்தினேன்.

பாக்கி பதினாறு.