ஒன்பது வருடம் இறங்காத பந்து

முதல் நிலை லீகின் பதினேழாவது வாரத்தில், ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருந்தபோது, கோல்கீப்பர் உதைத்த பந்து மேலே போனது, கீழே இறங்கவில்லை. இரண்டு அணிகளும் தலா ஒரு கோல் போட்டிருந்தன. நடுக்களத்திலிருந்து கேப்டன் இரண்டு கைகளையும் ஆட்டி ஏதோ கத்த, கோல்கீப்பர் தலையாட்டிவிட்டு ஓங்கி ஓர் உதை விட்டார். பந்து விளக்குக் கம்பத்தைத் தாண்டியது, மேகத்தைத் தாண்டியது, அவ்வளவுதான். இருபத்திரண்டு பேரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள். பந்து காற்றில் இருக்கும்போது விசில் ஊதுவது நடுவருக்குப் பழக்கமில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பந்து வெடித்தால் என்ன செய்வது என்று இருந்தது, இறங்காவிட்டால் என்ன செய்வது என்று இல்லை. "வெளியவும் போகல, கோலும் ஆகல. அப்போ ஆட்டம் நடந்துக்கிட்டுத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடினார். விசிலை வாயில் வைத்தபடியே வீட்டுக்குப் போனார்.

லீக் அலுவலகம் புள்ளிப் பட்டியலில் அந்த ஆட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டு வைத்தது. மற்ற ஆட்டங்கள் வேறு பந்துகளோடு நடந்தன. ஆனால் கோல்கீப்பருக்குக் கண் கீழே நிற்கவில்லை. எதிரணி பெனால்டி அடிக்கும்போதுகூட ஒரு கண் வானத்தில் இருந்தது. சீசன் முடிந்தபோது ஒரே ஒரு புள்ளி குறைந்து அவருடைய கிளப் இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது. கேப்டன் வேறு யாருமில்லை, கோல்கீப்பர் மனைவியின் அண்ணன்தான். "உன் வீட்டுக்காரர் எங்க பொழப்பையும் சேர்த்து உதைச்சிட்டார்" என்று தங்கையிடம் சொன்னவர், அன்றோடு அந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டார். சின்ன வயதிலிருந்து ஒரே தெருவில் பந்தடித்தவர்கள். கோல்கீப்பருக்குப் போன புள்ளியைவிட மச்சான் பேசாததுதான் நெஞ்சை அறுத்தது.

ஆட்டம் முடியாததால் ஞாயிறுதோறும் மூன்று மணிக்கு இரு அணியினரும் வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். முழங்கால் போனவர்கள், வெளியூரில் வேலை கிடைத்தவர்கள், வீட்டில் திட்டு வாங்கியவர்கள் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஐந்தாம் வருடம் ஒரு விமானி பந்தைப் பார்த்ததாகச் சொன்னார். இன்னும் மேலேதான் போய்க்கொண்டிருந்ததாம். ஒன்பதாம் வருடம் மிச்சமிருந்தது மூன்றே பேர்: பழைய சட்டைக்குள் தொப்பை அடங்காத கோல்கீப்பர், விசிலோடு நடுவர், கேலரியின் கடைசி வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மச்சான்.

அந்த வருடம் மழை விட்ட ஒரு ஞாயிறு, வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கோல்கீப்பர் அதைப் பறவை என்று நினைத்தார், பிறகு கண்ணில் கோளாறோ என்று குழம்பினார், இரண்டடி பின்னால் போனார், மூன்றடி முன்னால் வந்தார். கைநழுவினால் பந்து நேராகச் சொந்த கோலுக்குள் போய்விடும். அப்போதுதான் கேலரியிலிருந்து அந்தக் குரல் கேட்டது: "மாப்பிள்ளை, விட்டுடாதீங்க!" ஒன்பது வருடத்தில் மச்சான் பேசிய முதல் வார்த்தை அது. கோல்கீப்பர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பந்து சில்லென்று இருந்தது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நீளமாக விசில் ஊதினார்.

மறுநாள் லீக் அலுவலகம் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, ஆட்டம் சமன் என்று ஒரு புள்ளி போட்டது. ஆக, கிளப் ஒன்பது வருடமாக முதல் நிலையில்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பதிலாக இறங்கியிருக்க வேண்டிய கிளப் இடையில் இரண்டு கோப்பை வாங்கியிருந்தது. அதை என்ன செய்வது என்று யாருக்கும் புரியவில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள்.

அன்று மச்சான் சாப்பிட வந்தார். தங்கை மூன்றாவது தட்டை வைத்தாள். பாதிச் சாப்பாட்டில் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஆமா மாப்பிள்ளை, அன்னைக்கு ஏன் அவ்வளவு ஓங்கி உதைச்சீங்க?"

"நீங்கதானே மச்சான், 'கொஞ்சம் நேரத்தைக் கடத்துங்க'ன்னு கத்தினீங்க."

மச்சான் மென்றுகொண்டே யோசித்துப் பார்த்தார். சொன்னதாகத்தான் ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித் தங்கையிடம் தட்டை நீட்டினார்.