கருத்தக்கண்ணன் ஓட்டிய கார்

படத்தை முதலில் பார்த்தவன் அழகுபாண்டி. மேலூர் சந்தையில் கத்திரிக்காய் மூட்டைகளை இறக்கிவிட்டு, மினி லாரிக்குள் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தவன் படக்கென்று நிமிர்ந்து அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா, வாட்சப்பைத் தொறந்து பாரு. நம்ம பூட்டனைக் காரோட போட்டு, திருடன்னு எழுதி வச்சிருக்கான் ஒருத்தன்."

அன்னக்கொடி அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் படத்தைத் திறந்தாள். பழுப்பேறிய படம். பெரிய வீடு ஒன்றின் வாசலில், துணிக்கூரையை மடக்கிவிட்ட ஃபோர்டு கார் நிற்கிறது. தலைப்பாகை கட்டி, கோட்டுப் போட்ட ஒருவர் கார்மேல் கை வைத்து நிற்கிறார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு வாலிபன் கேமராவை முறைத்துப் பார்க்கிறான். கீழே இப்படி எழுதியிருந்தது: 'மதுரை வக்கீல் பஞ்சாபகேச அய்யர், தன் புதிய காருடன். ஓட்டுநர் இருக்கையில் மேலூர் பக்கம் கீழச்செங்குளத்தைச் சேர்ந்த கருத்தக்கண்ணன். இந்த ஆசாமிதான் பிற்பாடு காரோடு கம்பி நீட்டினார்!' பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை.

அவளுக்குக் கோபம் உடனே வரவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரிந்த காது, ஒட்டிய கன்னம், முறைப்பு எல்லாம் அப்படியே அழகுபாண்டி. பூட்டன் எப்படி இருப்பார் என்று அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் பெயர் தெரியும், அவரால் வந்த கெட்ட பெயர் தெரியும், அவ்வளவுதான்.

கீழச்செங்குளத்தில் அவர்கள் வீட்டுக்கு 'காரு களவாணி வீடு' என்று பெயர். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட அப்படித்தான் வழி கேட்டு வருவார்கள். அவள் அப்பா காசிமாயன் இந்தப் பேச்சுக்காகச் சண்டை போடாத டீக்கடை கிடையாது. ஒருமுறை ஒருவன் மண்டையை உடைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய், அங்கே கேஸ் எழுதின ஏட்டய்யாவும் அதே பெயரைச் சொல்லிக் கேட்க, தலையைத் தொங்கப்போட்டு வீட்டுக்கு வந்தார். சாகிற வரைக்கும் அந்த ரோஷம் ஆறவில்லை.

நடந்தது என்ன என்று வீட்டில் சொல்லும் கதை சின்னதுதான். மழைக்காலத்தில் ஒருநாள், வக்கீல் வீட்டு வேலையாகக் காரை எடுத்துக்கொண்டு போன கருத்தக்கண்ணன் திரும்பவில்லை. பின்னாலேயே போலீஸ் வந்து வீட்டைக் குடைந்தது. வைக்கோல் படப்பைப் பிரித்துப் போட்டுக் காரைத் தேடினார்கள். கைப்பிள்ளையோடு நின்ற அவர் பெண்டாட்டி சின்னத்தாய் அன்றைக்குச் சிரித்தாளாம். அதற்குப் பிறகு அவள் தாலியைக் கழற்றவே இல்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவளோ, "திருடன் பொண்டாட்டின்னே சொல்லிக்கங்க. திருடுன ஆளு எங்கயோ உசுரோட இருக்காருல்ல. தாலியை ஏன் அறுக்கணும்?" என்று கேட்டு, நரைத்த தலையில் குங்குமம் வைத்துக்கொண்டே செத்துப்போனாள்.

சனிக்கிழமை அக்காளும் தம்பியும் மதுரைக்குப் போனார்கள். படத்தைப் போட்டிருந்த கிரிதர் எஸ்.எஸ். காலனியில் இருந்தார். வக்கீலின் கொள்ளுப்பேரன். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை. ஒழிந்த நேரத்தில் பழைய கார் படங்களைத் தேடி எடுத்துப் பேஸ்புக்கில் போடுவது பழக்கம். அவர்கள் யார் என்று சொன்னதும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்காத்துல வழிவழியா சொல்ற கதைங்க. தமாஷா நினைச்சுப் போட்டுட்டேன். அவருக்கும் குடும்பம் இருக்கும்னு எனக்குத் தோணாமப் போச்சு. தப்புதான்" என்று சொல்லி, அவர்கள் முன்னாலேயே அந்த வரியை எடுத்துவிட்டார்.

"எடுத்துட்டாச் சரியாப்போச்சா? ஊரே பாத்துச் சிரிச்சிருச்சு" என்றான் அழகுபாண்டி.

"நீ சும்மா இருடா" என்ற அன்னக்கொடி கிரிதரிடம் திரும்பினாள். "சார், ஒரே ஒரு கேள்வி. அந்தக் காலத்துல இந்த ஜில்லாவுல கார் வச்சிருந்தவுகளை விரல் விட்டு எண்ணிரலாம். எந்தக் காரு யாரு வீட்டுதுன்னு மாடு மேய்க்கிற ஆளுக்குக்கூடத் தெரியும். அதைக் களவாண்டு எங்க ஓட்டியிருப்பாரு? யாரு வாங்கியிருப்பா? பெட்ரோலுக்கு எங்க போயிருப்பாரு? கோழியா சார், கூடையப் போட்டு மூடி வைக்க?"

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அவருடைய அத்தை ஜகதாம்பாள்தான் பேசினாள். எண்பதைத் தாண்டியவள், குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"நியாயமான கேள்வி. நாங்க யாருமே கேட்டதில்லை. அந்தக் காரைப் பத்திப் பேச்செடுத்தா எங்கப்பா எழுந்து உள்ளே போயிடுவார். தாத்தாவோட கார் தொலைஞ்ச வருத்தம்னு நெனச்சுப்போம்."

படத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்று கேட்டாள் அன்னக்கொடி. நல்ல தாளில் போட்டுத் தருகிறேன் என்றார் கிரிதர், அடுத்த வாரமே அனுப்பியும் வைத்தார். அதை வீட்டில் மாட்டலாமா வேண்டாமா என்று அக்காளுக்கும் தம்பிக்கும் வாக்குவாதம் நடந்தது. "வக்கீலை வெட்டிட்டு மாட்டு" என்றான் அவன். கடைசியில் பூட்டன் முகத்தை மட்டும் பெரிதாக்கி மாட்டினார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "இம்புட்டு லட்சணமான ஆளா!" என்று வாயைப் பொத்தினார்கள்.

இரண்டு மாதம் போல ஆகியிருக்கும். அறுவடை நேரம். கிரிதரிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், நீங்க கேட்டதை எங்க பழைய கார் குரூப்ல எல்லார்கிட்டயும் கேட்டு வச்சிருந்தேன். கார் கிடைச்சுடுத்து. காரோட படம்."

"அனுப்புங்க சார்."

"இல்லைம்மா. போன்ல அனுப்பற படமில்லை. நேர்ல வரோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையையும் அழைத்துக்கொண்டு கீழச்செங்குளம் வந்தார். ஜகதாம்பாள் மெதுவாக இறங்கி, தம்பியும் அக்காளும் இரண்டு பக்கமும் பிடிக்க உள்ளே வந்தாள். சுவரிலிருந்த கருத்தக்கண்ணன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கொடுத்த மோரைக் குடித்தாள். அதன் பிறகுதான் கிரிதர் உறையைப் பிரித்தார்.

காரைக்குடியில் சுப்பராமன் என்று ஒருவர். அவர் குடும்பம் அந்தக் காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தது. மூட்டை கட்டிப் போட்டிருந்த கண்ணாடி நெகட்டிவ்களை இப்போதுதான் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாராம். சிங்கம்புணரிப் பக்கம் பாலாற்றில் வெள்ளம் வடிந்ததும் எடுத்த படங்கள் அதில் இருந்தன. அதில் ஒன்றுதான் இது.

அகலமான ஆற்று மணல். வேரோடு சாய்ந்த ஒரு மரம். அதற்குப் பக்கத்தில் பாதி உடம்பு மணலுக்குள் போன கார். துணிக்கூரை கிழிந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. முன்பக்கத்து எண் பலகை மட்டும் கழுவிவிட்டது போல் தெளிவாக இருந்தது. அழகுபாண்டி எழுந்து போய்ச் சுவரோரம் வைத்திருந்த, கிரிதர் முன்பு அனுப்பிய முழுப் படத்தை எடுத்து வந்தான். எண்ணை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான்.

"அதேதான்க்கா."

காரைச் சுற்றிக் கூட்டம். மட்கார்டின்மேல் ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். பட்டுக்கரை வேட்டி சேறாகியிருந்தது. நெற்றியைச் சுற்றித் துணிக் கட்டு. யாரோ அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்கப்பா" என்றாள் ஜகதாம்பாள்.

அவளே மேலே சொன்னாள்.

"நெத்தியில பெரிசா ஒரு தழும்பு இருக்கும். சின்ன வயசுல தெப்பக்குளத்துப் படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லுவார். நாங்க குளத்துப் பக்கம் போனா, பாத்துப் போங்கோன்னு அதையே சொல்லிப் பயமுறுத்துவா எங்கம்மா."

அன்னக்கொடி கேட்டுக்கொண்டே படத்தின் மற்ற இடங்களைப் பார்த்தாள். அவள் தேடியது ஒரே முகத்தை. கூட்டத்தில் அந்த விரிந்த காதுகள் இல்லை. இடது ஓரத்தில், சாய்ந்த மரத்தின் நிழலில், நீளமாக என்னமோ பாயில் சுற்றிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு பேர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாயின் ஒரு முனையில் பாதங்கள் தெரிந்தன.

அவள் அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"வேற யாராவதா இருக்கலாம்" என்றார் கிரிதர் மெதுவாக. "வெள்ளத்துல எத்தனையோ பேர் போயிருப்பா. யார் காரை ஓட்டினதுன்னும் படத்துல இல்லை."

"இருக்கு" என்றாள் ஜகதாம்பாள். "எங்கப்பா அதுக்கப்புறம் ரெண்டு கார் வாங்கினார். ஒருநாள்கூட ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, முன் சீட்டுல உக்காந்ததில்லை. நான் டிரைவிங் கத்துக்கறேன்னு சொன்னப்போ கையை ஓங்கிண்டு வந்தார். என்னை ஒருநாளும் அடிக்காதவர். தாத்தா அப்போ ஜில்லா போர்டு தேர்தல்ல நின்னுண்டிருந்தாராம். பிள்ளை காரை ஆத்து வெள்ளத்துல விட்டு ஒருத்தனைக் கொன்னுட்டான்னு வெளியில வரலாமா? டிரைவர் திருடிண்டு போயிட்டான்னு சொல்றது சுலபம். நான் சொல்றதுக்குச் சாட்சி கிடையாது. ஆனா அந்தாத்துப் பொண்ணு நான், எனக்குத் தெரியறது."

அழகுபாண்டி குமுறிவிட்டான். "அப்ப தெரிஞ்சேதான செஞ்சிருக்கீக? போலீசை ஏவி எங்க வைக்கப்படப்பைப் பிரிச்சீகளே, அப்பவும் தெரியும்ல? எங்கப்பன் இந்தப் பேரோடயே செத்தாருய்யா!"

அன்னக்கொடி தம்பியின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவளுக்குக் கேட்க ஒன்று இருந்தது.

"சார், இந்தப் படம் உங்க கைக்குத்தான வந்துச்சு? எங்களுக்குக் காட்டாம இருந்திருக்கலாமே."

"இருந்தேன் டீச்சர். பொய் சொல்லலை. ரெண்டு வாரம் யாருக்கும் காட்டாம வச்சிருந்தேன். தாத்தா மடியில வளர்ந்தவன் நான். அப்புறம் மனசு கேக்காம அத்தைகிட்டக் காட்டினேன். வண்டியை எடுடான்னா."

அவர்கள் போன பிறகு அன்னக்கொடி வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். பூட்டன் திருடனில்லை என்று தெரிந்துவிட்டது. இதற்காகத்தானே அப்பா ஊரெல்லாம் சண்டை போட்டார். சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. சின்னத்தாயின் நினைவுதான் வந்துகொண்டிருந்தது. உண்மையை அன்றைக்கே யாராவது வந்து சொல்லியிருந்தால் ஊர்ப்பழி வந்திருக்காது. ஆனால் கைப்பிள்ளையோடு வெள்ளைச் சேலை கட்டியிருப்பாள். எது பரவாயில்லை என்று கணக்கு டீச்சருக்குப் பிடிபடவில்லை.

கிரிதர் இரண்டு படங்களையும் சேர்த்துப் போட்டு, இந்த முறை தன் குடும்பத்தின் பெயரைச் சொல்லி, நடந்ததாகத் தாங்கள் நம்புவதை எழுதினார். அவருடைய அமெரிக்கா தம்பி சண்டை போட்டுவிட்டுக் குடும்ப குரூப்பிலிருந்து வெளியேறினான். கீழச்செங்குளத்திலும் எல்லோரும் நம்பிவிடவில்லை. "டீச்சரு செலவழிச்சு எழுத வச்சிருக்கும்" என்று சலூனில் ஒருவன் சொன்னதாக அழகுபாண்டி வந்து சொன்னான். சொன்னானே தவிர, அடிக்கப் போகவில்லை.

ஆடி அமாவாசைக்கு அவர்கள் பாலாற்றுக்குப் போனார்கள். கூப்பிடவே இல்லை, கிரிதரும் ஜகதாம்பாளும் தாங்களாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கருவேலம் அடைந்து, லாரி இறங்கிய பள்ளங்களோடு கிடந்தது. படத்தில் பின்னால் தெரிந்த கல் மண்டபத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று அழகுபாண்டியும் கிரிதரும் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள்.

"இங்கிட்டு வாங்க சார். மண்டபத்து முக்கு நேரா வருது பாருங்க."

"இல்லைப்பா, இன்னும் இடது பக்கம் தள்ளி வரும்."

"அப்ப மரம் எங்கிட்டு நின்னிருக்கும்?"

ஒருவழியாக ஓர் இடத்தை முடிவு செய்தார்கள். குடத்தில் கொண்டுபோன தண்ணீரை வைத்து, இலை போட்டு, எள்ளும் பச்சரிசியும் பிசைந்து வைத்தான் அழகுபாண்டி. ஜகதாம்பாள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுமணலில் வந்து நின்றாள். மடித்த வேட்டியும் துண்டும் அவள் கையில் இருந்தன.

"உங்களுக்கு மனசில்லைன்னா வேண்டாம். வாங்கிண்டா எனக்கு நிம்மதி."

அழகுபாண்டி அக்காவைப் பார்த்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி இலைக்குப் பக்கத்தில் வைத்தான். கற்பூரம் காற்றில் நிற்கவில்லை. கிரிதர் படத்தை மறைப்பாகப் பிடிக்க, மூன்றாவது குச்சியில் பற்றிக்கொண்டது.

கும்பிட்டு முடித்ததும் வெயில் தாங்காமல் எல்லோரும் மண்டபத்துக்குள் ஒதுங்கினார்கள். ஜகதாம்பாள் தூக்குவாளியைத் திறந்து தயிர்சாதத்தை இலையில் வைத்தாள். அன்னக்கொடி தான் கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சோற்றைப் பிரித்தாள். முதல் கவளத்தைச் சாப்பிட்ட அழகுபாண்டி, ஜகதாம்பாளைப் பார்த்து, "ஊறுகா இருக்காம்மா?" என்று கேட்டான்.

"நார்த்தங்கா இருக்கு, கையை நீட்டு" என்றாள் அவள்.