பலகையில் சிரிக்கும் அபீபா

என் மகள் அபீபாவை எங்கள் ஊர் அக்குறணையில் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிவாசலுக்கு எதிரே, மாத்தளை வீதியோரத்தில், இரண்டு மாடி உயர விளம்பரப் பலகையில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "இந்த இதயம் எங்கள் பரிசு" என்று எழுதி, கீழே ஒரு கம்பெனியுடைய அறக்கட்டளையின் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

பொய் சொல்லக் கூடாது. அவளுடைய இதயத்துக்கு முதல் ஒபரேஷனைச் செய்வித்தது அவர்கள்தான். அன்று நானும் மனைவி ஜஹானாவும் அவர்களுக்காக அழுது துஆக் கேட்டோம். படம் பிடிக்க வந்தவன் பிள்ளைக்கு டொபி கொடுத்து, பல் தெரியச் சிரிக்கச் சொன்னான். சிரித்தாள்.

இன்னொரு ஒபரேஷனும் வேண்டும் என்று டொக்டர் அப்போதே சொல்லியிருந்தார். இனித் தள்ளிப்போட முடியாது. கொஞ்சத் தூரம் நடந்தாலே பிள்ளையின் உதடு நீலமாகிறது. அறக்கட்டளைக்குப் போனேன். கதிரையில் இருத்தி, தேநீர் தந்து, ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் என்றார்கள். இந்த வருடம் மரம் நடுகிறார்களாம். அப்படியென்றால் படத்தையாவது இறக்குங்கள், ஊரில் ஒருவரும் என்னை நம்புகிறார்கள் இல்லை என்று கெஞ்சினேன். பலகைக்கு வருட முடிவு வரை வாடகை கட்டியாயிற்றாம்.

ஊரில் பணம் வசூலிக்கச் சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போனேன். கம்பெனி பொறுப்பெடுத்த பிள்ளைக்கு எதற்குக் கடிதம் என்றார் தலைவர். சொந்த மச்சான்கூட, வாங்கியதை எங்கே ஒளித்தாய் என்பதுபோல் பார்த்தான். யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், வெட்கத்தை விட்டு, அபீபாவைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலில் துண்டை விரித்தேன். ஊர்க்காரர்கள் விலகிப் போனார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் மட்டும் நின்று, விவரம் கேட்டு, பர்ஸை எடுத்தார்.

"ஒங்களத் தெரிஞ்ச யாராவது ஈக்கா, நானா?" அண்ணன் முறை வைத்துத்தான் கேட்டார்.

சாட்சிக்கு வேறு ஆளில்லாமல் எதிரே இருந்த பலகையைக் காட்டினேன். என் மகள்தான் அது என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அங்கே உப்பிய கன்னம். என் தோளில் வெறும் எலும்பு.

"அது நல்ல சொகமான புள்ள. இது வேற புள்ள. பள்ளி வாசல்ல நின்டு பொய் சொல்லாதீங்க."

பர்ஸ் சட்டைப்பைக்குள் திரும்பிப் போனது.

அபீபா தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, மூச்சு வாங்கிக்கொண்டே, நீல உதட்டை விரித்து, பல் தெரியச் சிரித்துக் காட்டினாள்.