கீழ் உதட்டின் வலது பக்கம்

தெருவில் அவனுக்குத் தண்டுக்காரன் என்று பெயர். சாவி வெட்டும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற கடை அவனுடையது. புகையிலை பைப்புகளைப் பழுது பார்ப்பது தொழில். பைப்பில் மரக் கிண்ணம் லேசில் கெடாது. வாயில் வைக்கிற தண்டுதான் கெடும். அதனால் வந்த பெயர்.

எந்தத் தண்டு யாருக்கு ஒத்துவரும் என்பது அவனுக்கு அத்துப்படி. எபோனைட் என்பது கெட்டிப்படுத்திய ரப்பர். பல்லுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். கடித்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்களுக்கு அதுதான் சரி. வெயில் பட்டால் பச்சை பூத்து, முதல் இழுப்பிலேயே கந்தகம் நாக்கில் ஏறும். அக்ரிலிக் அப்படியில்லை. நிறம் மாறாது, வாடை கிடையாது. ஆனால் பல்லில் நிற்காமல் வழுக்கும். ஒரு மணி நேரம் கடித்தால் தாடை கெஞ்சும். கொம்புத் தண்டு உதட்டுக்கு வெதுவெதுப்பாக இருக்கும், ஈரம் ஊறினால் ஏடு ஏடாகப் பிரியும்.

எபோனைட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. பல் பதிந்த இடத்தை ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கு மேலே லேசாகக் காட்டினால் போதும், பள்ளம் தானாக எழும்பி மட்டமாகிவிடும். பிறகு உப்புத்தாள், பாலிஷ் சக்கரம். கடித்த சுவடே இருக்காது. இந்த வேலையில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

அவனுடைய அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். இரண்டு கையிலும் கிரீஸ் இருப்பதால் பைப்பைப் பல்லில் கடித்தபடியே வேலை பார்ப்பார். பாதி நேரம் அதில் நெருப்பே இருக்காது. ஏன் சும்மா கடிக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், இவன் அக்கா பேசும்போது கடித்துக் கடித்துப் பழகிவிட்டது என்று இவனைக் காட்டிச் சொல்வார். கண்ணைக் கட்டிவிட்டாலும் வாயில் வைத்த தண்டு என்ன சரக்கு என்று சொல்வேன் என்பது அவருடைய நிரந்தரச் சவால். ஒருமுறை ஜெராக்ஸ் கடைக்காரர் பந்தயம் கட்டித் தோற்று, இரண்டு வாரம் டீ வாங்கிக் கொடுத்தார்.

நாலு மாதத்துக்கு முன்னால் அத்தான் தண்டைக் கொண்டுவந்தார். வலது பக்கம் பல் பதிந்திருந்தது. கீறல் ஆழம்தான் இருக்கும். அவன் எழுப்பிக் கொடுத்தான். அடுத்த மாதம் அதே பக்கம் கொஞ்சம் கூட. எழுப்பிக் கொடுத்தான். மூன்றாம் மாதம் நகம் உட்காருகிற அளவு. வாயில் பிடிமானமே இல்லை மாப்ளே, ரப்பர் சரியில்லை என்றார் அத்தான். சரக்கைக் குறை சொன்னால் அவனுக்கு ரோஷம் வந்துவிடும். பள்ளத்தை எழுப்பி எபோனைட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அக்ரிலிக் ஒன்றைக் கடைந்து மாட்டி அனுப்பினான்.

பத்தாம் நாள் அந்தத் தண்டு முனை உடைந்து வந்தது. மொச்சைக் கொட்டை அளவு சில்லு காணோம். கண்ணாடி மாதிரி கூரான விளிம்பு. சில்லு எங்கே என்று கேட்டதற்கு, தெரியலையே, முழுங்கியிருப்பேன் என்று சிரித்தார். அவனும் சிரித்தான். பழைய எபோனைட்டையே மாட்டிக்கொண்டு போனார்.

நேற்று மதியம் மறுபடி வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தண்டை மேஜையில் வைத்தார். பல் அடிப்பக்கமாக உள்ளே இறங்கி, புகை வருகிற துளைவரை போயிருந்தது. அவன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். ஓட்டை வழியாக எதிர்க் கடையின் சிவப்புப் பலகை தெரிந்தது.

அத்தானின் வலது தாடையில் வெட்டு ஒன்று. ரத்தம் காய்ந்து கழுத்துவரை கோடாக இறங்கியிருந்தது.

"ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கிட்டீங்களா அத்தான்?"

"எங்க?" என்று இடது பக்கம் தடவினார்.

டீ வந்தது. குடித்தார். வலது வாயோரம் வழிந்து சட்டையில் சொட்டியது. அவர் லிஃப்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஏழாவது மாடியில் நின்றுகொண்டு கீழே வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிற லிஃப்ட். உன் அக்காவுக்குத் தங்கச்சியாக இருக்கும் என்றார்.

அவன் விளக்கைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தான். எடுத்தவன் கீழே வைத்தான். மூன்று தடவை இதே விரல்களால் பள்ளத்தைத் தடவிப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வலது பக்கம். ஒவ்வொரு தடவையும் கூட. அடுத்தடுத்து வைத்துப் பார்க்க இப்போது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் அவனே மட்டமாக்கி, பாலிஷ் போட்டு, கையில் கொடுத்திருக்கிறான்.

"பந்தயத்துக்கு வர்றீங்களா? கண்ணை மூடுங்க. என்ன சரக்குன்னு சொல்லணும்."

அத்தானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கண்ணை மூடி வாயை லேசாகத் திறந்தார். அவன் கொம்புத் தண்டின் நுனியைக் கீழ் உதட்டின் இடது பக்கம் வைத்தான்.

"கொம்பு. இதுகூடத் தெரியாதா?"

எடுத்தான். எபோனைட்டை எடுத்து, அதே உதட்டில், வலது பக்கம் வைத்தான். அத்தான் கண்ணை மூடியபடி காத்திருந்தார். அவன் கொஞ்சம் அழுத்தினான். உதடு உள்ளே அமுங்கி வெளுத்தது. ஜெராக்ஸ் மெஷின் நாலு தாள் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"வையேன் மாப்ளே," என்றார் அத்தான். "எவ்வளவு நேரம் வாயைப் பொளந்துகிட்டு உட்கார்றது?"

அவன் கையை எடுக்கவில்லை. அத்தானே கண்ணைத் திறந்தார். மூக்குக்குக் கீழே அவன் விரல்களைப் பார்த்தார். தண்டைப் பார்த்தார். கையைக் கொண்டுபோய் அது உதட்டில் இருப்பதைத் தொட்டுப் பார்த்தார்.

"பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி இருக்கும் அப்பப்போ," என்றார் கடைசியில். "வலியா ஒண்ணா? வலி இருந்தா போயிருக்க மாட்டேனா? நீ அதை எழுப்பிக் குடு, நான் கிளம்பணும்."

"எழுப்ப முடியாது. ஓட்டை விழுந்துடுச்சு."

டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம் என்று சொல்லி ஷட்டரை இறக்கினான். அத்தான் இரண்டு தடவை மாட்டேன் என்றார். மூன்றாவது தடவை சொல்லவில்லை.

டாக்டரம்மா பஞ்சைத் திரித்து, அத்தானின் தாடையில் கோடு கோடாகத் தொட்டுக்கொண்டு வந்தார். தெரியுது, தெரியுது என்று சொல்லிக்கொண்டே வந்த அத்தான் உதட்டுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். பஞ்சு வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. பல் ஏதாவது ஆடுகிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, எத்தனை நாளாக என்றார். ஒரு பத்து நாள் இருக்கும் என்றார் அத்தான்.

"நாலு மாசம்," என்றான் அவன்.

எப்படித் தெரியும் என்று டாக்டர் இவன் பக்கம் திரும்பினார். அவன் ஓட்டை விழுந்த தண்டை மேஜையில் வைத்து, ஆள்காட்டி விரல் நகத்தால் ஒவ்வொரு மாதத்தின் ஆழத்தையும் காட்டினான். முதல் மாதம் இவ்வளவு. அப்புறம் இவ்வளவு. மூணாவது மாசம் இது. அதோடு ஒரு சில்லு, மொச்சை அளவு. எல்லாத்தையும் நான்தான் அழிச்சேன் என்றான். அத்தான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தாடை நரம்பை உள்ள ஏதாவது அழுத்துதான்னு பார்க்கணும். ஸ்கேன் இன்னிக்கே எடுத்துடலாம். நாளைக்கு வேணாம்."

ஏழாவது மாடியில் லிஃப்ட் நிற்கிறது, ஆட்கள் காத்திருப்பார்கள் என்றார் அத்தான். வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள் என்றார் டாக்டர், மெதுவாக.

வராந்தாவில் இருக்கும்போது அக்காவிடமிருந்து போன் வந்தது. கவுண்டரில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அத்தான் அங்கிருந்தே கையை ஆட்டினார், சொல்லாதே என்று. அவன் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

"அக்கா, நீ கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வா. அத்தானுக்கு..."

அக்கா என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"வலது பக்கம்தானே?" என்றாள். "துண்டை வச்சுத் துடைச்சு விடுவேன்டா. சாப்பிடும்போது. சொன்னா கோவிச்சுக்கிறார்னு சும்மா துடைச்சுகிட்டே இருந்தேன்."

எந்த மாடி என்று சொல்லிவிட்டு அவன் திரும்பினான். அத்தான் கவுண்டரில் குனிந்து, வயது என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தார். வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. தாளில் விழுந்து மை கலைந்த பிறகுதான் பேனாவை நிறுத்தினார். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று முதலில் மேலே கூரையைப் பார்த்தார்.